'சோகத்தில் ஆழ்ந்தாள்' என்று எழுதுவதற்கு முன்

தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகள் எழுதும் சிறுகதைகளைத் திருத்திக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. கதை முடிவதற்குள் யாராவது ஒருவருடைய கண்கள் குளமாகிவிடும். யாழ்ப்பாணத்தில் குளங்களுக்குப் பஞ்சமில்லை, கதையிலும் வெட்டத் தேவையில்லை.

உணர்ச்சியின் பெயரைச் சொன்னதும் பாத்திரம் உருவாகிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. "பெறுபேறு வந்ததும் அப்பா கடும் கோபம் கொண்டார்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். எந்த அப்பா? அப்படி யாரும் கோபப்படலாமே. உன் கதையில் வரும் அப்பாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "ஏசவும் மாட்டார், கதைக்கவும் மாட்டார் ரீச்சர். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார்." மற்ற நாட்களில் கழுவவே மாட்டாராம். அந்தக் கோப்பை கதைக்குள் வந்ததும் அப்பாவும் வந்துவிட்டார். ஆனால் அடுத்த வரியிலேயே "இது அவருடைய கோபத்தைக் காட்டியது" என்று விளக்கமும் எழுதி வைத்திருந்தாள். அதை வெட்டச் சொன்னேன்.

சிலர் பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் கை நடுங்கும், நா வறளும். அதுவும் அதே அச்சுத்தான்.

காரணம் தெரியாமல் அழவைப்பது இன்னொன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மனத்து உணர்ச்சி வெளியே தெரியும் விதங்களை, சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் அழுகிறவளும், பறிகொடுத்து அழுகிறவளும், முன்பிருந்த நிலை கெட்டு அழுகிறவளும், இல்லாமையால் அழுகிறவளும் ஒரே மாதிரியா அழுவார்கள்? இகழப்பட்டவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடும். செத்தவீட்டில் யார் கதவைச் சாத்துகிறார்கள்?

அப்புறம், வீட்டுச் சொல்லுக்கு வெட்கப்படுவது. அந்தரம், பதகளிப்பு, கொதி, புளுகம் எல்லாம் வாயில் இருக்கும்; தாளில் 'பதற்றம்', 'சினம்', 'மகிழ்ச்சி' என்று மாறிவிடும். 'அந்தரம்' என்பதில் அவசரமும் தவிப்பும் சங்கடமும் சேர்ந்தே கிடக்கின்றன. அம்மம்மாவின் வாயிலிருந்து அதைப் பிடுங்கினால் அவர் செய்தி வாசிப்பவர் போலாகிவிடுவார். அதற்காக எல்லார் வாயிலும் திணிக்கவும் கூடாது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த பேத்தி "எனக்குப் பதகளிக்குது" என்றால் காதில் இடறும். அம்மம்மாவோடு தினமும் போனில் கதைத்துப் பழகியவள் என்றால் சரி, அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.