கிளி தன் இறகத் தானே பிடுங்குதா? முதல்ல தலையப் பாருங்க

காலைல கூண்டுக்கு அடில சின்னச் சின்ன சாம்பல் இறகா கிடந்தா பக்குனு இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வளர்க்கறது ஆப்பிரிக்கன் கிரேங்கற சாம்பல் கிளி. நம்ம ஊரு பச்சக்கிளி வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டப்படி தடை இருக்கு, அத யாரும் வாங்காதீங்க.

இறகு எங்க போயிருக்குன்னு பாருங்க. நெஞ்சு, தொடை, இறக்கைக்கு அடிலல்லாம் சொட்டையா இருந்து தலை மட்டும் முழுசா இருந்தா தானே பிடுங்குதுன்னு அர்த்தம், ஏன்னா சொந்தத் தலைக்கு அலகு எட்டாது. தலையும் சொட்டைன்னா கூட இருக்கற கிளி பிடுங்கலாம், இல்ல நோயா இருக்கலாம். பரவலா உதிர்ந்து குச்சி குச்சியா புது இறகு முளைச்சா மோல்ட்டிங்தான், அதாவது பழைய இறகு தானா உதிர்ந்து புதுசு வர்றது.

தானே பிடுங்குதுன்னா பொம்மை வாங்க ஓடாதீங்க, முதல்ல டாக்டர். லிவர் பிரச்சினை, தோல் நோய், ஒட்டுண்ணின்னு உடம்புக்குள்ள ஏதாச்சும் இருந்தா எத்தன பொம்மை வச்சும் நிக்காது. பாண்டிச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு குரும்பாபேட்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, பறவை பாத்துப் பழகுன டாக்டர் யாருன்னு கேட்டுப் போங்க.

கூண்டையும் பாருங்க, இது நம்ம கடலோரத்துக்கு ரொம்ப முக்கியம். உப்புக் காத்துல ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசுன இரும்புக் கம்பி) மேல வெள்ளையா பொடி பூக்கும், அது துத்தநாகம், கிளி கம்பியக் கடிச்சுக்கிட்டே இருந்தா உடம்புல விஷமா ஏறும். நாங்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்திட்டோம்.

வெறும் சூரியகாந்தி விதையே போட்டா கொழுப்பு ஏறும், விட்டமின் ஏ கிடைக்காது. கேரட், பரங்கிக்காய், முருங்கக்கீரைன்னு கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க, அவகாடோ மட்டும் கூடவே கூடாது. ஏசி ரூம்னா தோல் காஞ்சு அரிக்கும், ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணி அடிச்சு விடுங்க. மஞ்சள், தேங்கா எண்ணெய் எதுவும் தடவாதீங்க ப்ளீஸ், எண்ணெய் இறகுல ஒட்டுனா அதையே இன்னும் கொத்தும். ராத்திரி பத்துப் பன்னெண்டு மணி நேரம் இருட்டுல தூங்கணும், டிவி ஓடற ஹால்ல அது நடக்காது.

அப்புறம் அலகுக்கு வேலை. தென்னை ஓலை, தேங்கா நார், மக்காச்சோளத் தோகை எல்லாமே நல்லா கிழிக்கும், தோகைக்குள்ள ஒரு பருப்ப மறைச்சுக் கட்டித் தொங்கவிட்டா அரை மணி நேரம் அதுலயே கிடக்கும். எங்களுது ஒரு இறகப் பிடுங்கி அலகுல உருட்டிக்கிட்டே என்னையத்தான் பாக்கும், நான் "ஏய்"னு கத்துனதும் அடுத்ததப் பிடுங்கும், கத்துனா நான் கிட்ட வருவேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனால பிடுங்கும்போது கண்டுக்காதீங்க, ஓலை கிழிக்கும்போது போய்ப் பேசுங்க.

ரத்தம் வந்தாலோ தோலையே கடிச்சாலோ அன்னைக்கே தூக்கிட்டுப் போங்க. ரொம்ப நாள் பிடுங்குன இடத்துல வேரே கெட்டு இறகு திரும்ப வராமலும் போகலாம், எங்களுதுக்கு நெஞ்செல்லாம் மூடிடுச்சு, இடது தொடைல மட்டும் ரூபா காசு அளவுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு.