ஏழு நாள் கோடைப் பயணத்துக்கு ஒரே பை போதும்: துணி எடுத்து வைக்கும் முறை

பெட்டி நிறையத் துணி கொண்டுபோயும் நான்காம் நாள் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் போவதுண்டு. துணி குறைவு என்பது அதற்குக் காரணமல்ல, கொண்டுபோனவை ஒன்றோடொன்று சேராததுதான் காரணம். பச்சைச் சட்டை ஒரே ஒரு பேன்ட்டோடுதான் பொருந்தும் என்றால், அந்தப் பேன்ட் அழுக்கானதும் சட்டையும் முடங்கிவிடும். எந்த மேலாடையை எடுத்தாலும் எல்லாக் கீழாடைகளோடும் போட முடிய வேண்டும். முடியாதது எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் நிறத்தை முடிவு செய்யுங்கள். கீழாடைகளுக்கு அடர் நீலம், காக்கி, கறுப்பு போன்றவற்றில் இரண்டு. மேலாடைகளுக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறங்கள், கூடவே உங்களுக்குப் பிடித்த ஒரு பளிச் நிறம். பூப்போட்டது, கட்டம் போட்டது எல்லாம் மேலாடையில் மட்டும், அதுவும் இரண்டுக்கு மேல் வேண்டாம். சாம்பல் நிற டி-ஷர்ட்டைக் கோடையில் தவிர்ப்பது நல்லது. வியர்வை ஈரம் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

ஏழு நாளுக்கு 5 மேலாடை, 3 கீழாடை. இவை எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தால் 15 ஜோடி கிடைக்கும். கீழாடைகளில் ஒன்று அரைக்கால் சட்டையாகவோ பாவாடையாகவோ இருக்கலாம், ஒன்று கட்டாயம் முழுநீளம். மேலாடைகளில் ஒன்று முழுக்கை வைத்த, தொளதொளப்பான மெல்லிய சட்டை. வெயிலில் அதைப் பொத்தான் போடாமல் மேலே போட்டுக்கொள்ளலாம், இரவில் பொத்தான் போட்டால் நல்ல உணவகத்துக்கும் போகலாம். உள்ளாடை 5 செட், இரவு உடை ஒன்று, நீச்சலுடை ஒன்று, தொப்பி ஒன்று. வெளியே கொளுத்தினாலும் ஏசி பேருந்திலும் விமானத்திலும் குளிரும். அதற்கு ஒரு மெல்லிய ஜாக்கெட் அல்லது ஸ்டோல்.

இந்த எண்ணிக்கை போதுமா என்பதைத் துணியின் தரம்தான் தீர்மானிக்கும். இடையில் ஒரு முறை இரவில் துவைத்து, காலையில் போட்டுக்கொள்ள முடிந்தால்தான் கணக்கு சரிவரும். லினன் காற்றோட்டமானது, சீக்கிரம் காயும், ஆனால் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். பருத்தி உடம்புக்கு இதம்தான், வியர்வையையும் நன்றாக உறிஞ்சும், ஆனால் பிடித்த ஈரத்தை எளிதில் விடாது. ஆகவே பருத்தியில் மெல்லியதாகத் தேர்ந்தெடுங்கள். ரேயான் வழுவழுப்பாக விழும், ஆனால் ஈரத்தில் வலுவிழக்கும், முறுக்கிப் பிழிந்தால் உருக்குலையும். பாலியஸ்டர் வேகமாகக் காயும், வியர்வை வாடையும் அதில் தங்கும். லினனும் பருத்தியும் கலந்த துணி பல பேருக்கும் ஒத்துவரும். ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். எடை ஒரு பக்கம், நனைந்தால் ஒரு நாள் முழுக்கக் காயாது.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். துணியின் ஓரத்தைக் கைக்குள் 10 விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். மடிப்பு அப்படியே நின்றால் பையிலும் அப்படித்தான் இருக்கும். அடுத்து, இரவில் துவைத்து அறைக்குள்ளேயே காயப் போடுங்கள். காலையில் கைப்பட்டியும் இடுப்புப் பட்டையும் ஈரமாக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். கடைசியாக ஈரம் போவது அந்த இரண்டு இடத்திலும்தான்.

தங்கும் இடத்தில் துவைக்கும்போது, அலசிய துணியை மெதுவாக அழுத்தி நீரை வடித்து, உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்துங்கள். பாதி ஈரத்தைத் துண்டே குடித்துவிடும். பிறகு மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். குளியலறைக்குள் தொங்கவிட்டால் காயாது, நாறும். நீச்சலுடையைக் குளத்தை விட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளோரின் அதன் இழுவைத் தன்மையைக் கெடுத்துவிடும்.

காலணி இரண்டு ஜோடி: நடக்க ஒன்று, நனைய ஒன்று. புதிதாக வாங்கிய ஷூவோடு கிளம்பாதீர்கள். இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் வந்து, மீதி நாட்கள் செருப்போடு கழியும். இரண்டு வாரம் முன்பே போட்டு நடந்து பழக்கிக்கொள்ளுங்கள்.

பையில் வைக்கும்போது ஷூ அடியில், சக்கரம் இருக்கும் பக்கம். அதன் உள்ளே சாக்ஸைத் திணித்துவிடலாம். டி-ஷர்ட்டையும் பேன்ட்டையும் இறுக்கமாகச் சுருட்டி நிற்க வையுங்கள். லினனைச் சுருட்டாமல் தட்டையாக மடித்து எல்லாவற்றுக்கும் மேலே. காற்றை வெளியேற்றும் பைகள் இடத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது. பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு, எனவே மூடியபின் ஒரு முறை எடை போடுங்கள். கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் அணிந்தபடியே கிளம்பினால் பை இலகுவாகும்.

சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டால், அது ஊறும்வரை சில நிமிடம் பொறுத்து வெள்ளைச் சட்டையைப் போடுங்கள். காலரில் மஞ்சள் கறை பிடித்தால் குளோரின் பிளீச் ஊற்றாதீர்கள், கறை இன்னும் அடர்த்தியாகிவிடும். சோப்புத் திரவத்தைத் தேய்த்து ஊறவைத்துத் துவைக்கவேண்டும்.

திரும்பும் நாளுக்கு இரண்டு பிளாஸ்டிக் உறைகள் கூடவே இருக்கட்டும். அழுக்குத் துணிக்கு ஒன்று, ஈரத் துணிக்கு ஒன்று. ஈரத்தோடு மூடிவைத்தால் ஒரே நாளில் பூசண வாடை வந்துவிடும் என்பதால், வீடு சேர்ந்ததும் முதலில் பிரிக்க வேண்டியது அந்த இரண்டாவது உறையைத்தான்.