வீட்டு இணையம்: 'அன்லிமிடெட்' என்று நம்பிக் கையெழுத்துப் போடுமுன்

வெளிநாட்டுக்கு வந்து மூன்றாவது மாதம். இணைய பில்லைத் திறந்தால் வழக்கமான தொகைக்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'கூடுதல் டேட்டா'. அந்த ஒரு வரியால் பில் ஒன்றரை மடங்காகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பகலெல்லாம் வேலை, ராத்திரி எப்போதாவது ஒரு படம், வாரக்கடைசியில் ஊருக்கு வீடியோ கால். அவ்வளவு டேட்டா எங்கே போயிருக்கும்? வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டால், பயன்படுத்தியது நீங்கள்தான் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைந்து, எந்தக் கருவி எவ்வளவு எடுத்தது என்று பார்த்தபோதுதான் ஆள் அகப்பட்டது. வாசலில் பார்சல் காணாமல் போகிறதே என்று மாட்டியிருந்த சின்ன கேமரா! ராப்பகலாக நொடிக்கு 2 மெகாபிட் வீதம் காட்சியை எங்கோ இருக்கும் சர்வருக்கு ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

நொடிக்கு 2 மெகாபிட், அதாவது 2 எம்பிபிஎஸ், என்றால் ஒன்றுமில்லாதது போலத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 பிட் ஒரு பைட். ஆகவே நொடிக்கு கால் மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி, 30 நாள். 648 ஜிபி வருகிறது. ஆள் நடமாடினால் மட்டும் பதிவு செய் என்று கேமராவில் ஒரு பட்டனை மாற்றினேன், அடுத்த மாதம் அந்த வரி போய்விட்டது. அப்லோடும் கணக்கில் சேரும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அளவு வைத்த பிளான்களில் பெரும்பாலும் இறக்குவது, ஏற்றுவது இரண்டையும் கூட்டித்தான் எண்ணுவார்கள்.

சரி, எதற்காக எண்ணுகிறார்கள்? டேட்டா என்ன, தொட்டித் தண்ணீரா, எடுக்க எடுக்கக் குறைய?

புதிதாக வந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க நல்ல உதாரணம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடு, ஒரே குளியலறை. மத்தியானம் போனால் யாரும் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். காலை எட்டு மணிக்குப் போனால் வாசலில் துண்டோடு வரிசை. இணைய நிறுவனத்தின் பாடும் இதுதான். 100 எம்பிபிஎஸ் வீதம் நூறு வீட்டுக்கு விற்றால், அந்த நூறு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் முழு வேகம் கொடுக்கும் அளவுக்குக் குழாய் போடமாட்டார்கள். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் எடுப்பதில்லை என்ற நம்பிக்கையில், அதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் போடுவார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அப்படிப் பகிர்ந்து விற்பதால்தான் வீட்டு இணையம் சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் இருக்கிறது. அலுவலகங்களுக்குப் பகிராமல் தனியாகக் கொடுக்கும் இணைப்பின் விலையைக் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

ஆனால் இதே உதாரணத்தை வைத்து இன்னொன்றும் கேட்கலாம். மாதத்துக்கு இத்தனை நிமிடம்தான் குளிக்கலாம் என்று வீட்டுக்காரர் ஒரு விதி போட்டால் எட்டு மணி வரிசை குறையுமா? நள்ளிரவில் குளிப்பவருக்கும் நிமிடம் போகும், எட்டு மணிக்கு வந்து நிற்பவருக்கும் அதே நிமிடம்தான் போகும். மாதாந்திர ஜிபி வரம்பும் அப்படித்தான். என் கேமரா விடியற்காலை மூன்று மணிக்கு ஏற்றியதால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, பில் மட்டும் ஏறியது.

வரம்புக்கு நெரிசல் மட்டுமே காரணம் இல்லை என்பதை அந்தத் தொழிலில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவராக இருந்து, பிறகு கேபிள் நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவரான மைக்கேல் பவல் 2013இல் பேசியதன் சாரம் இதுதான்: கம்பி இழுக்கப் பெரும் முதல் போட்டாயிற்று, அதை யாரிடமிருந்து எவ்வளவு திரும்ப எடுப்பது என்பதுதான் கேள்வி. 2020 மார்ச்சில் ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது அமெரிக்காவில் பல நிறுவனங்கள் வரம்பைச் சில மாதங்களுக்குத் தூக்கி வைத்தன. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தும் இணையம் விழுந்துவிடவில்லை. அதே மாதம் ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் வீடியோவின் தரத்தைச் சற்றுக் குறைத்தன. அந்த நேரத்துக் கூட்டத்தை அது நேரடியாகக் குறைக்கும் வழி. மாத வரம்பால் அது முடியாது.

ஆக, வரம்புக்குச் சொல்லும் காரணத்தில் ஒரு பாதி, விலையை ஏற்றும் தந்திரம். குறைந்த பிளான், அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் 'அன்லிமிடெட்' என்று படி கட்டினால், பயந்தவர்கள் மேல் படிக்கு ஏறுவார்கள். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் இந்தப் படிகள் நன்றாகவே வேலை செய்யும். போட்டி வந்துவிட்டால் வரம்பு காணாமல் போவதை அடிக்கடி பார்க்கலாம்.

மீதிப் பாதி நிஜம். அது எந்த வழியாக இணையம் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. ஃபைபர் எனும் கண்ணாடி இழை இணைப்பில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு இழை நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட் (2,500 மெகாபிட்) கொண்டுவரும். அதை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பகிர்வுதான், ஆனால் தாராளமான பகிர்வு. அதனால் ஃபைபரில் வரம்பு வைத்தால் அது பெரும்பாலும் வியாபார முடிவு. டிவி கேபிள் வழியாக வருவதில் அக்கம்பக்கம் முழுவதும் ஒரே கம்பியில் தொங்குகிறது. இறக்கும் வேகம் நன்றாக இருக்கும், ஏற்றும் வேகம் ஒல்லியாக இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு இரண்டும் தள்ளாடும். பழைய டெலிபோன் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணைப்பில் தூரம்தான் எதிரி. டெலிபோன் நிறுவனத்தின் பெட்டியிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் தேயும். 4ஜி, 5ஜி டவரிலிருந்து வரும் வீட்டு இணையத்தில் அலைவரிசையே அளவானது, அதைத் தெருவில் போகிற போன்களோடும் பங்கு போட வேண்டும். இங்கே வரம்பு வைப்பதில் நியாயம் உண்டு. செயற்கைக்கோளில் இன்னும் நெருக்கடி, ஒரு செயற்கைக்கோள் ஒரு பெரும் பரப்புக்கே படியளக்க வேண்டும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகை என்றால் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடிக்கு மேலாகும். ஸ்டார்லிங்க் போன்றவை சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே பறப்பதால் அந்தத் தாமதம் இல்லை.

விலை ஏன் தெருவுக்குத் தெரு மாறுகிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. செலவெல்லாம் சாலையைத் தோண்டுவதில், குழாய் புதைப்பதில், உங்கள் சுவரில் ஓட்டை போட ஆள் அனுப்புவதில். கம்பி வந்துவிட்ட பிறகு அதில் இன்னும் ஒரு ஜிபி போவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். நிறுவனங்கள் வெளி உலகத்தோடு இணையக் கட்டும் கட்டணமும் பெரும்பாலும் உச்ச நேரத்து அளவை வைத்துத்தான், மொத்த ஜிபியை வைத்தல்ல. இன்னொரு வேடிக்கை. நம் டேட்டாவில் பெரும்பங்கைத் தின்பது வீடியோ. அந்த வீடியோவோ பெரும்பாலும் கடல் தாண்டி வருவதில்லை. நெட்ஃபிளிக்ஸும் கூகுளும் தங்கள் சேமிப்புப் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. பக்கத்திலிருந்தே வருகிறது. நாம் அதிகம் எடுக்கும் வீடியோதான் இணைய நிறுவனங்களுக்கு மலிவாக முடிகிறது.

அடுக்குமாடியில் ஒரு கம்பி இழுத்தால் இருநூறு வாடிக்கையாளர். தனி வீடுகள் சிதறிக் கிடக்கும் புறநகரில் அதே செலவுக்கு இருபது பேர். அப்புறம், அந்தக் கம்பி யாருடையது? இங்கிலாந்தில் ஓப்பன்ரீச், ஆஸ்திரேலியாவில் என்பிஎன் என்று மொத்த விற்பனைக்கு ஒரு அமைப்பு கம்பி வைத்திருக்க, பல நிறுவனங்கள் அதே கம்பியில் கடை விரிக்கின்றன. அங்கே சின்ன நிறுவனத்தை எடுத்தாலும் வருவது பெரும்பாலும் அதே கம்பிதான். கனடாவிலும் பெரியவர்களின் கம்பியை வாடகைக்கு எடுத்து விற்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. அவர்களும் ஜிபி கணக்கில் கட்ட வேண்டும் என்று 2011இல் ஒரு முடிவு வந்தபோது மக்களிடம் பெரிய எதிர்ப்பு எழுந்து, அந்த வருட இறுதிக்குள் ஒழுங்குமுறை ஆணையம் வேறு முறைக்கு மாற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் பல முகவரிகளுக்கு ஒன்றோ இரண்டோ நிறுவனம்தான். அதனால் நண்பர் கட்டும் தொகையை வைத்து உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போடாதீர்கள். வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே அந்த முகவரியை நிறுவனங்களின் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

இனி, உங்களுக்கு எவ்வளவு தேவை? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. தினமும் இரண்டு மணி நேரம் எச்டி பார்க்கும் வீட்டுக்கு மாதம் 180 ஜிபி. ஊருக்குப் பேசும் வீடியோ கால் நொடிக்கு ஒரு மெகாபிட் எடுத்தாலும் மணிக்கு 450 எம்பிதான், அம்மாவிடம் பேசுவதை இதற்காகக் குறைக்க வேண்டாம். டேட்டாவைக் குடிப்பவை வேறு: கேமரா, போனில் சேர்ந்த போட்டோ வீடியோ எல்லாம் முதல் முறை கிளவுடுக்கு ஏறுவது, கேம் டவுன்லோட், யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் டிவி.

வேகத்திலும் ஏமாற வேண்டாம். 100 எம்பிபிஎஸ் இணைப்பை முழு வேகத்தில் ஓட விட்டால் 1 டெராபைட் வரம்பு சுமார் 22 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதை 1,000 ஆக்கினால் இரண்டே கால் மணி நேரம். வரம்பு அப்படியே இருக்க வேகத்தை மட்டும் ஏற்றி விற்பவரிடம் எதை வாங்குகிறோம் என்று யோசியுங்கள். இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு 50, 100 எம்பிபிஎஸ் தாராளம். ஊருக்குப் போட்ட வீடியோ கால் திக்குகிறது என்று 1,000க்கு மாறிய நண்பர் ஒருவருக்கு மாறிய பிறகும் திக்கத்தான் செய்தது. ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்து சர்வரோடு பேசும், கால் கடல் தாண்டிப் போகும், நடுவில் உள்ள வழி உங்கள் பிளானில் இல்லை. அவர் ரவுட்டரை வைத்திருந்த இடமோ செருப்பு அலமாரிக்குள்! அதை வெளியே எடுத்து வைத்ததில் வந்த முன்னேற்றம் புது பிளானில் வரவில்லை.

சேர்வதற்கு முன் விற்பவரிடம் முதலில் கேளுங்கள்: வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? வேகம் குறையும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தானாகக் கூடுதல் கட்டணம் விழும் என்றால் உஷார். 'அன்லிமிடெட்' என்று எழுதியிருந்தாலும் 'நியாயமான பயன்பாடு' என்ற சின்ன எழுத்துப் பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள், சில பிளான்களில் ஓர் அளவுக்குப் பிறகு வேகத்தை மிதித்துவிடுவார்கள். ராத்திரி நேர வேகம் என்ன என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் 2018 முதல் விளம்பரத்தில் போடும் சராசரி வேகம் இரவு 8 முதல் 10 வரை குறைந்தது பாதி வாடிக்கையாளருக்காவது கிடைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இரவு 7 முதல் 11 வரையிலான வேகத்தைச் சொல்வது வழக்கம். அமெரிக்காவில் 2024இல் உணவுப் பொட்டலத்து லேபிள் போல ஒன்று வந்தது. அறிமுக விலையா, எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு டேட்டா சேர்ந்தது, அதற்கு மேல் என்ன கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அறிமுக விலைதான் பலரைக் கவிழ்க்கிறது. 12 மாதம் முடிந்த மறுநாள் பில் குதிக்கும். காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வைத்து, போன் செய்து 'விலகப் போகிறேன்' என்று சொல்லுங்கள், பல சமயம் புது விலை பிறக்கும். ஒப்பந்தத்தின் நடுவிலும் விலை ஏறலாம். இங்கிலாந்தில் 2025 ஜனவரிக்குப் பிறகு சேருபவர்களிடம் அந்த ஏற்றம் எவ்வளவு என்று பவுண்டு கணக்கில் முன்பே சொல்லிவிட வேண்டும், பணவீக்கத்தின் மேல் கட்டிவிடக் கூடாது.

வாடகை ஒப்பந்தம் ஒரு வருடம் என்றால் இரண்டு வருட இணைய ஒப்பந்தத்தில் மாட்டாதீர்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கடன் வரலாறு இருக்காது, சில நிறுவனங்கள் டெபாசிட் கேட்கும். மாதாமாதம் கட்டும் பிளான் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் முதல் வருடத்துக்கு அதுவே நல்லது. கம்பி போட ஆள் வர வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுங்கள், வீடியோ தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. மோடத்துக்கு மாத வாடகை போடுகிறார்களா என்று பார்த்து, சொந்தமாக வாங்கி மாட்ட அனுமதி இருந்தால் கணக்குப் போடுங்கள், ஒரு வருடத்திலேயே பணம் மிஞ்சும் வீடுகள் உண்டு.

வீடு மாறும்போது அவர்களுடைய ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பெட்டியின் சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். திருப்பித் தரவில்லை என்று ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தப் போட்டோவை அனுப்பிய பிறகுதான் விட்டார்கள்.