தோட்ட ஆபிஸ் பிரிண்டர் ஓடவில்லையா? யூனிக்ஸ் சர்வரிலிருந்து வழி பிடித்துப் பார்ப்பது எப்படி

இங்கே மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் அமைப்பு இதுதான். சர்வர் டவுன் ஆபிஸில் இருக்கிறது. பிரிண்டர்கள் தோட்ட ஆபிஸிலும், மில்லில் லோரி எடை போடும் இடத்திலும் இருக்கின்றன. நடுவில் ஃபைபர் லைன், அதற்குள் விபிஎன் (ஆபிஸ்களை இணைக்கும் பூட்டிய தனிப்பாதை). செம்பனைக் குலை ஏற்றிய லோரி எடை மேடையில் நிற்கும்போது சீட்டு வரவில்லை என்றால் பின்னால் நிற்கிற லோரிகளும் அசைய முடியாது. சம்பள நாள் இன்னும் மோசம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும், சம்பளச் சீட்டில் இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) பிடித்தம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும், அதைக் கையில் வாங்கிப் பார்க்கத்தான் ஆட்கள் வெயிலில் வந்து நிற்கிறார்கள். அதனால் இதை "பிரிண்டர்தானே, அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

"அண்ணே, பிரிண்டர் ஓடல" என்று கிராணி (தோட்ட ஆபிஸ் எழுத்தர்) போன் பண்ணியதும் அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, திரும்பத் திரும்ப பிரிண்ட் அமுக்காதே என்பதுதான். அமுக்கிய ஒவ்வொரு தடவையும் சர்வரில் ஒரு வேலை சேர்ந்துகொண்டே போகும், கோளாறு சரியானதும் ஒரே சம்பளச் சீட்டு ஏழெட்டுப் பிரதி வந்து விழும். பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். திரையில் என்ன எழுத்து நிற்கிறது, எந்த விளக்கு எரிகிறது என்று முதலில் படித்துச் சொல்லட்டும், ஆஃப் பண்ணினால் அந்தத் தடயம் போய்விடும். அப்புறம் ஒரே கேள்வி: இந்த ஒரு பிரிண்டர்தானா, எல்லாமா? எல்லாம் நின்றிருந்தால் சர்வரையோ லைனையோ பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்த ஒன்றின் வழியை மட்டும் பிடியுங்கள்.

வழி என்று நான் சொல்வது நாலு கட்டம்: புரோகிராம், சர்வரில் உள்ள க்யூ (அச்சு வேலைகள் நிற்கும் வரிசை), நெட்வொர்க், பிரிண்டர். வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது. டிரைவரை அழித்துத் திரும்பப் போடுவது, சர்வரை ரீபூட் பண்ணுவது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

க்யூவிலிருந்து ஆரம்பியுங்கள். லினக்ஸ், சோலாரிஸ் 11 இரண்டிலும் கப்ஸ் என்கிற அச்சு மென்பொருள்தான் இருக்கும், அதில் எல்பிஸ்டாட் மைனஸ் டி (டைகரில் வரும் டி) என்று அடித்தால் முழு நிலவரமும் வரும். இதில் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'டிஸேபிள்டு' என்றால் வேலை உள்ளே வந்து சேர்கிறது, வெளியே போகவில்லை. 'நாட் அக்செப்டிங்' என்றால் உள்ளேயே வரவில்லை. முதலாவதற்கு கப்ஸ்எனேபிள், இரண்டாவதற்கு கப்ஸ்அக்செப்ட். ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு க்யூ டவுன் என்று காட்டும், க்யூஅட்ம் மைனஸ் பெரிய யூ போட்டு க்யூ பெயரைக் கொடுத்தால் எழும்பும். எழும்பவில்லை என்றால் க்யூடீமன் (க்யூவை நடத்தும் பின்னணிப் புரோகிராம்) ஓடுகிறதா என்று பாருங்கள்.

க்யூ தானாக டிஸேபிள் ஆகக் காரணம் உண்டு. லைன் ஒரு நிமிஷம் அறுந்தாலும், பிரிண்டரை அடைய முடியவில்லை என்று கப்ஸ் க்யூவையே நிறுத்திவிடும். பல இடங்களில் எரர் பாலிசி (கோளாறு வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு) ஸ்டாப்-பிரிண்டர் என்றுதான் இருக்கிறது. மழைக்கு லைன் போய் வருகிற நம் ஊருக்கு இது ஒத்துவராது. எல்பிஅட்மின் கட்டளையில் பிரிண்டர்-எரர்-பாலிசியை ரீட்ரை-ஜாப் என்று மாற்றிவிடுங்கள், லைன் திரும்பியதும் வேலை தானாகப் போகும். பாதிப் போன் இதிலேயே குறையும் என்பது என் அபிப்பிராயம்.

க்யூ நன்றாக இருந்தால் நெட்வொர்க். பிங் (அந்த முகவரியில் ஏதாவது இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) பதில் வந்துவிட்டது, அப்போ சரி என்று நின்றுவிடுகிறவர்கள் நிறைய. பிங் பதில் தருவது அந்தப் பிரிண்டர்தானா என்பது வேறு விஷயம். ஐபி முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஹெச்சிபி அந்த ஐபியை யாருடைய கைப்பேசிக்காவது கொடுத்திருக்கலாம். பிரிண்டரின் மெனுவிலிருந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தை அடிக்கச் சொல்லி, அதில் இருக்கிற ஐபியையும் மேக் முகவரியையும் (கருவியின் பிறவி எண்) கிராணியைப் படிக்கச் சொல்லுங்கள். தோட்ட ஆபிஸ் ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்த மேக்கிடம் என்று காட்டுவது) அதே ஐபிக்கு அதே மேக் இருக்கிறதா? இல்லையென்றால் வேறொன்று அந்த ஐபியில் உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டரில் அந்த மேக்குக்கு ஐபியை ரிசர்வ் பண்ணிவிடுங்கள். பிரிண்டர் மெனுவில் கையால் ஐபி போடுவதைவிட இதுதான் நல்லது, ஏனென்றால் யாராவது ஃபேக்டரி ரீசெட் பண்ணினாலும் அதே ஐபிதான் கிடைக்கும்.

அடுத்தது போர்ட், அதாவது பிரிண்டர் வேலை வாங்கும் எண்ணிட்ட கதவு. 9100 நேரடி அச்சு, 515 எல்பிடி, 631 ஐபிபி (இரண்டும் அச்சு அனுப்பும் முறைகள்). சர்வரிலிருந்தே நெட்கேட் (போர்ட்டோடு பேசும் கட்டளை) மைனஸ் இஸட் மைனஸ் வி போட்டு, ஐபியும் 9100-உம் கொடுங்கள். சர்வரிலிருந்து என்பது முக்கியம், உங்கள் மேசைக் கணினியிலிருந்து பார்த்துப் பயனில்லை. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று 9100-ஐ மெனுவில் அணைத்திருக்கிறார்கள், அல்லது வேறு யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் அந்தப் போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் எடுக்கும், பக்கத்துக் கணினி ஒன்று தொங்கிப்போன வேலையோடு அதைப் பிடித்து வைத்திருந்தால் சர்வர் வெளியே நிற்க வேண்டியதுதான். ரொம்ப நேரம் சும்மா நின்று 'டைம்டு அவுட்' வந்தால் நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது அந்த ஐபியில் எதுவுமே இல்லை. இந்தச் சிரமத்துக்காக 9100-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அதில் பாஸ்வேர்டு எதுவும் கிடையாது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் தாளில் அச்சடிக்கலாம். விபிஎன் வழியாக மட்டும் விடுங்கள்.

போர்ட் திறந்திருந்தால் கப்ஸை ஒதுக்கிவிட்டு நேராக ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். பிரிண்ட்எஃப்பில் ஒரு சொல், அதன் பின்னால் பின்சாய்வு ஆர், பின்சாய்வு என், பின்சாய்வு எஃப், அதை நெட்கேட்டுக்குள் பைப் பண்ணி 9100-க்கு. கடைசி எஃப் தாளை வெளியே தள்ளுவதற்கு. அது இல்லாவிட்டால் லேசர் பிரிண்டர் பக்கம் நிறையட்டும் என்று விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருக்கும், வேலை செய்யவில்லை என்று நீங்கள் தவறாக முடிவெடுப்பீர்கள். சாதா எழுத்தைப் புரிந்துகொள்கிற பிரிண்டர் என்றால் அந்தச் சொல் தாளில் வந்துவிடும். வந்துவிட்டால் லைன் சரி, பிரிண்டர் சரி, கோளாறு சர்வருக்குள்தான்.

சின்ன வேலை வருகிறது, பெரிய ரிப்போர்ட் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சந்தேகப்படுங்கள். இதுதான் ஆளை அலைக்கழிக்கிற கோளாறு, ஏனென்றால் எல்லாச் சோதனையும் தேறிவிடும். சாதாரண ஈதர்நெட்டில் 1500 பைட் போகும், பிபிபிஓஇ என்ற லாகின் முறை உள்ள லைனில் 1492-தான், விபிஎன் அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டை உடைக்காதே என்ற அமைப்போடு பிங்கில் 1472 பைட் அனுப்புங்கள் (28 பைட் ஹெட்டரோடு 1500), பதில் வராவிட்டால் 1464, அப்புறம் 1400 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் பதில் வருகிறதோ அதற்குத் தக்கபடி ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் தரவு) அளவைக் குறைத்தால் தீர்ந்தது.

எல்பிடி பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1179 என்ற எல்பிடி விதி ஆவணம் அனுப்புகிற பக்கத்துக்கு 721 முதல் 731 வரை 11 போர்ட்தான் ஒதுக்கியது. அந்த விதியை அப்படியே பின்பற்றுகிற பழைய சர்வரில் சம்பளச் சீட்டை ஆளுக்கொரு வேலையாக அனுப்பினால், முதல் பத்துப் பதினொன்று சடசடவென்று வரும், பிறகு மூச்சுக் காட்டாது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும். மூடிய போர்ட் உடனே விடுபடாமல் டைம்-வெயிட் என்ற காத்திருப்பில் நிற்பதுதான் காரணம். எல்லாச் சீட்டையும் ஒரே கோப்பாக்கி ஒரே வேலையாக அனுப்புங்கள், இல்லையென்றால் 9100-க்கு மாறிவிடுங்கள்.

தாள் வருகிறது, ஆனால் கோணல் என்றால் அது நெட்வொர்க் இல்லை. வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரிந்துகொண்டே போனால், யூனிக்ஸ் வரி முடிவில் எல்எஃப் (அடுத்த வரிக்கு இறங்கு) மட்டும் போடுகிறது, பிரிண்டர் சிஆரையும் (இடது ஓரத்துக்குப் போ) எதிர்பார்க்கிறது. யூனிக்ஸ்2டாஸ் கட்டளை வழியாக அனுப்புங்கள். எச்பி பிரிண்டரின் நெட்வொர்க் அட்டையான ஜெட்டைரக்ட்டில் எல்பிடி க்யூ பெயரை 'ரா' என்பதிலிருந்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலே அது சிஆரைச் சேர்த்துக்கொள்ளும். பக்கத்தின் தலையில் சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, பிஎஸ் என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்து வந்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை விவரிக்கும் மொழி) புரியாத பிரிண்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் போயிருக்கிறது, டிரைவர் தப்பு. தாள் இருந்தும் தாள் போடு என்று கேட்டால் புரோகிராம் லெட்டர் அளவு கேட்கிறது, நம்மிடம் இருப்பது ஏ4. எல்பிஆப்ஷன்ஸில் மீடியாவை ஏ4 ஆக்குங்கள். கோயில் திருவிழா அறிவிப்பைத் தமிழில் தட்டி, டிரைவர் இல்லாத ரா க்யூவுக்கு அனுப்பினாலும் குப்பைதான் வரும், அதைப் பிடிஎஃப் ஆக்கி டிரைவர் உள்ள க்யூவுக்கு அனுப்புங்கள்.

இதற்கும் பிடிபடவில்லை என்றால் கப்ஸ்சிடிஎல்லில் டீபக் லாகிங்கைப் போட்டுவிட்டு ஒரே ஒரு வேலை அனுப்பி, வார் லாக் கப்ஸ் கீழே எரர்_லாகைப் படியுங்கள். முடிந்ததும் மறக்காமல் அணையுங்கள், அது டிஸ்க்கை நிரப்பும், வார் நிரம்பினால் ஸ்பூலில் (வேலைகள் காத்திருக்கும் இடம்) வேலையே எழுத முடியாது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் போட்டு அந்த இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சாயங்கால இடிமழைக்குப் பிறகு பிரிண்டருக்கு கரண்ட் இருக்கிறது, மெனு வருகிறது, நெட்வொர்க் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு ஸ்விட்சில் வேறு ஓட்டை. இரண்டிலும் எரியவில்லை என்றால் பிரிண்டரின் லேன் போர்ட் மின்னலில் போயிருக்கும். பழுது பார்க்கிறவரை யுஎஸ்பியில் ஒரு கணினியோடு இணைத்து, அந்தக் கணினி வழியாகப் பகிர்ந்து, சர்வரில் அதே க்யூவின் முகவரியை மட்டும் எல்பிஅட்மின் மைனஸ் வியில் மாற்றுங்கள். க்யூ பெயரைத் தொடாதீர்கள், அதைத்தான் சம்பளப் புரோகிராமும் எடைப் புரோகிராமும் தேடும்.