வன்னியில் ஊர்ப் பொதுக்கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும் முறை

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வந்து முடிந்துவிடும். அதன்பின் கிணற்று மட்டம் இறங்கிக்கொண்டே போய்ப் புரட்டாதியில் அடிமட்டத்தைத் தொடும். பொதுக்கிணற்றைச் சிரமதானமாக இறைத்துக் கழுவுவதற்கு அந்த மாதமே உகந்தது. இறைப்புச் செலவு குறைவு, அடிச்சேறும் கைக்கு எட்டும். வெள்ளம் புகுந்த கிணறாயின், வெள்ளம் வடிந்ததும் இன்னொரு தடவை இறைக்க வேண்டும்.

தொண்டுக்கு வரும் இளைஞர்கள் முதலில் கிராம அலுவலரையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரையும் சந்திக்க வேண்டும். எந்தக் கிணறு எப்போது சவர்க்கிறது, எது மழைக்குக் கலங்குகிறது என்பதை நாள்தோறும் தண்ணீர் அள்ளும் பெண்களே நன்கறிவார்கள். அடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக நீரைப் பரிசோதிப்பித்துக்கொள்ள வேண்டும். குளோரின் கிருமிகளை அழிக்குமே தவிர, புளோரைட்டையோ கல்சியத்தையோ நீக்காது. கொதிக்கவைத்தாலும் புளோரைட் போகாது. புளோரைட் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டினால், அக்கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிநீருக்கு வேறு வழி தேடுவதே முறை.

போர் நடந்த மண் என்பதால், கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணிதானா என்று உறுதிப்படுத்தாமல் கிணற்றடிப் பற்றையை வெட்டக்கூடாது. சேற்றுக்குள் இனந்தெரியாத உலோகப் பொருள் தட்டுப்பட்டால், அதைத் தொடாமல் மேலேறிப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

இந்த வேலையில் உயிராபத்து மிகுந்த கட்டம் இறைப்புத்தான். மேலே வைத்து இறைக்கும் இயந்திரம் ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. ஆழமான கிணறுகளில் இயந்திரத்தையே உள்ளே இறக்கிவிடும் எண்ணம் அதனால்தான் வருகிறது. பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் இயந்திரத்தை எக்காரணம் கொண்டும் உள்ளே இறக்கக்கூடாது. அது கக்கும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அது கிணற்றுக்குள் தேங்கிச் சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்கப் பதறி இறங்குபவரும் அப்படியே மடிவதுண்டு. மின்சாரத்தில் இயங்கும் நீர்மூழ்கி இயந்திரத்தை இரவல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கப்பியும் வாளியுமாக ஆள்மாறி இறையுங்கள். நீர்மூழ்கி இயந்திரத்தின் மின்னைத் துண்டித்த பிறகே ஆள் இறங்க வேண்டும். இறங்குபவரின் உடலில் கயிறு கட்டியிருக்க வேண்டும். அதை மேலே இருவர் பிடித்தபடி அவரோடு இடைவிடாது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

சேற்றை அள்ளி, உட்சுவர்ப் பாசியைத் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவி, அந்த அழுக்கு நீரையும் இறைத்துவிட்டு ஊற்று ஊற விடுங்கள். ஊறியபின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 14,000 லீற்றர் இருக்கும். 1,000 லீற்றருக்கு 10 கிராம் குளோரின் என்று கொண்டால், 65 சதவீதம் குளோரின் உள்ள தூளில் இதற்கு 215 கிராம் அளவு போதும். பழைய தூள் வீரியம் இழந்திருக்கும். ஆகவே இறுதி அளவைப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூளை வாளி நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் சுற்றிவர ஊற்றி, ஓர் இரவு கிணற்றை மூடிவையுங்கள். மறுநாள் எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறையும் வரை இறைத்த பின்னரே குடிக்கலாம். அதுவரை வீடுகளுக்கு வேண்டிய நீரை முன்கூட்டியே நிரப்பி வைப்பதும், பிரதேச சபையிடம் பவுசர் (தண்ணீர் வண்டி) கேட்பதும் தொண்டர்களின் பொறுப்பு.

கட்டின் வெடிப்புகளைச் சீமெந்தால் பூசி, சிந்தும் நீர் வாய்க்காலால் வாழைப்பாத்திக்கு ஓடும்படி செய்து, மாடு அண்டாமல் வேலி அடைத்துவிடுங்கள். ஆளுக்கொரு வாளியை மண்ணில் வைத்துவிட்டு உள்ளே விடுவதே கிணறு மீண்டும் கெடுவதற்கு முதற்காரணம். கப்பியில் நிரந்தரமாகத் தொங்கும் ஒரே வாளி அதைத் தடுக்கும். அந்தக் கயிறு அறுந்தால் யார் வாங்குவது, காசை எந்த வீடுகள் போடுவது என்பதைத் தொண்டர்கள் புறப்படுமுன் ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்துச் சங்கத்தின் கூட்டக் கொப்பியில் எழுதிவிட வேண்டும்.