ஊர் வீட்டு ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லையா?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் விடுமுறைக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: ஃபேன் சுற்றுகிறது, கீழே காற்றே இல்லை. பார்க்க வரும் சொந்தக்காரர் ஒருவர், "அது பழைய ஃபேனுங்க, கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிருங்க" என்பார். அவசரப்பட வேண்டாம். பல வீடுகளில் ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதுதான் காரணம். ஒரு வயரை இடம் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எந்த வயர், யார் கையால் என்பதில்தான் கவனம் வேண்டும்.

இப்படி ஆவதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. நீங்கள் வருவதாகப் போன் செய்ததும், ஊரில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஆள் வைத்து வீட்டைச் சுத்தம் செய்து, ஓடாத ஃபேனுக்கெல்லாம் கண்டன்சர் (மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்னக் கெப்பாசிட்டர்) மாற்றி வைத்திருப்பார். அந்த அவசரத்தில் ஒரு முனை மாறிவிடுகிறது. ஃபேன் ஓடியதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். அடியில் யாராவது படுத்தால்தானே காற்று வரவில்லை என்று தெரியும்?

முதலில் எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபேனை அணைத்துவிட்டு, வேகம் குறையும்போது நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். நம் ஊர் சீலிங் ஃபேன்கள், கீழிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இதைவிட நம்பகமானது ரெக்கையின் சாய்வு. ஒவ்வொரு ரெக்கையிலும் ஓர் ஓரம் மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும். மேலே தூக்கியிருக்கும் ஓரம் முன்னால் போனால் காற்று கீழே தள்ளப்படும். தாழ்ந்த ஓரம் முன்னால் போனால் காற்று மேலே போய், கூரையில் மோதி, சுவரோரமாக இறங்கும். அந்த அறையில் நடுவில் உட்கார்ந்தவருக்கு வியர்க்கும், சுவரில் மாட்டிய தினசரி காலண்டர் மட்டும் படபடக்கும்.

அமெரிக்கா, கனடாவிலிருந்து வருபவர்கள் ஃபேனின் உடம்பில் ஒரு சிறிய சுவிட்சைத் தேடுவார்கள். அங்கே குளிர்காலத்தில் ஃபேனை மறுபக்கம் மெதுவாக ஓடவிட்டு, கூரையடியில் தேங்கிய வெப்பத்தைக் கீழே கொண்டுவருவது வழக்கம். இங்கே விற்கும் சாதாரண ஃபேன்களில் அந்தச் சுவிட்ச் கிடையாது. ரெகுலேட்டரைத் திருகினாலும் திசை மாறாது.

திசை தப்பு என்று உறுதியானதும் இன்னொன்றைக் கவனியுங்கள். சுவிட்ச் போட்டதும் தானாகக் கிளம்புகிறதா, இல்லை குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறதா? தள்ளிவிட்டால்தான், அதுவும் எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் கண்டன்சர் செத்துவிட்டது. நம் ஃபேன் மோட்டாருக்குள் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இருக்கின்றன. ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகும் கரண்டைக் கண்டன்சர் கொஞ்சம் முந்தச் செய்கிறது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டார் முடிவெடுப்பது அந்த முன்பின்னில்தான். கண்டன்சர் இல்லாவிட்டால் அதற்குத் திசையே தெரியாது. பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவையே பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சிலவற்றில் 3.15 இருக்கும்.

தானாகக் கிளம்பி, நேராக எதிர்ப்பக்கம் ஓடினால் அது வயர் மாறிய கோளாறு. மோட்டாருக்கு மேலே, ஃபேனைத் தாங்கும் ராடின் அடிப்பக்கம் இருக்கும் கப்பைத் தூக்கினால் எல்லாம் தெரியும். மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வரும்: காமன் (இரண்டு காயிலுக்கும் பொதுவானது), ரன்னிங், ஸ்டார்ட்டிங். கண்டன்சரின் இரண்டு முனைகளும் ரன்னிங்கிலும் ஸ்டார்ட்டிங்கிலும் சேரும். மேலிருந்து வரும் கரண்ட் வயர் இரண்டில் ஒன்று காமனுக்கும், இன்னொன்று ரன்னிங் முனைக்கும் போக வேண்டும். அந்த இன்னொன்று தவறி ஸ்டார்ட்டிங் முனையில் ஏறியிருந்தால் ஃபேன் திரும்பிச் சுற்றும். அதைக் கண்டன்சரின் மறுமுனைக்கு மாற்றுவதுதான் மொத்த வேலையும். ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டால் ஒன்றும் ஆகாது. கண்டன்சரின் இரண்டு வயரை மட்டும் தங்களுக்குள் மாற்றினாலும் ஆகாது, அதற்குத் தலை வால் கிடையாது.

வயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்டன்சரைக் கழற்றிவிட்டு மீட்டரில் ஓம் பார்ப்பதுதான் சரி. எந்த இரண்டு வயருக்கு நடுவே அதிக ஓம் காட்டுகிறதோ அவை கண்டன்சர் சேர வேண்டியவை. மிச்சமிருப்பது காமன். காமனிலிருந்து அந்த இரண்டையும் தனித்தனியாக அளந்தால், குறைவாகக் காட்டுவது பெரும்பாலும் ரன்னிங்.

இதை நீங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 120 வோல்ட்டில் பழகிய கைக்கு இங்கே 230 வோல்ட். அதோடு பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கினாலும், மாதாந்திர மின்தடை நாளாக இருந்தாலும், இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே யாரும் கை வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது இப்படிச் சொன்னால் போதும்: "ஏனுங்ண்ணா, ஃபேன் எதிர்ப்பக்கமாச் சுத்துதுங்க. கண்டன்சர் மாத்துனதுக்கு அப்பறந்தான் இப்படி. ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும் மாறிருச்சான்னு பாத்துக் குடுங்ண்ணா." நம்மவர்களுக்கு உடனே புரியும், முறைப்பாகவும் இருக்காது.

கண்டன்சர் மாற்றியபின் வந்த கோளாறு வேறு, காயில் கட்டியபின், அதாவது மோட்டாருக்குள் புதுக் கம்பி சுற்றியபின் வந்தது வேறு. புதிதாகக் காயில் கட்டி வந்த ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றினால், கடையில் ஸ்டார்ட்டிங் காயிலின் முனைகளைத் திருப்பிச் சேர்த்திருப்பார்கள். அப்போது வெளியில் வயரை மாற்றித் திசையைத் திருப்புவது வைத்தியம் ஆகாது. ஸ்டார்ட்டிங் காயில் எந்நேரமும் ரன்னிங் காயிலின் பாரத்தைச் சுமக்கும், மோட்டார் சுடும், வேகமும் குறையும். கட்டிய கடைக்கே கொண்டுபோங்கள். அவர்கள் உள்ளே பிரித்து முனையை மாற்றிக் கொடுப்பதுதான் முறை.

காயில் கட்டுவதில் கொங்கு நாட்டை விட்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததும் இங்கே மில்லும் பம்ப்செட்டும் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவை பீளமேட்டில் மோட்டார் செய்தார்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கை இருக்கும் சின்ன ஊர்கள்கூட இங்கே நிறைய. ஃபேன் அவர்களுக்குச் சுலபமான வேலை. அதற்காகக் கூலியில் பேரம் பேசாதீர்கள். ஏணி தூக்கி வந்து, வீடு தேடி ஏறி இறங்குகிறார்கள்.

ஆள் மேலே ஏறியிருக்கும்போதே இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ராடின் இரண்டு முனையிலும் போல்ட் நுனியில் ஒரு சின்னப் பின் செருகியிருக்க வேண்டும். ஆட்டத்தில் மரை கழன்றாலும் ஃபேன் விழாமல் காப்பது அதுதான். பழைய ஓட்டு வீட்டிலும் தோட்டத்துச் சாளையிலும் விட்டத்தில் அடித்த கொக்கியின் துருவையும் பார்க்க வேண்டும். அமுச்சியும் (பாட்டியும்) குழந்தைகளும் அதற்கடியில்தான் பாய் போட்டுப் படுக்கிறார்கள்.

ரிமோட் வைத்த பிஎல்டிசி ஃபேனாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் இந்தக் கண்டன்சர் வேலையே இல்லை, மின்னணு அட்டைதான் எல்லாம். சில மாடல்களில் ரிமோட்டிலேயே திசை மாற்றும் பட்டன் இருக்கும், குழந்தைகள் விளையாட்டாக அழுத்தியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சரியாகவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவிலிருந்து ஆசையாக ஃபேன் வாங்கிவர நினைப்பவர்கள், அது 120 வோல்ட்டுக்குச் செய்தது என்றால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே மாட்டினால் எரிந்துபோகும்.