முதல் லெவல் விசார்டைத் தடுமாறாமல் ஆடுவது எப்படி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை ஆட்டத்துக்கு வரும் புதியவர்களில் பலருக்கு, மந்திரவாதியான விசார்ட் மேல்தான் கண். ஆனால் கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரத்தாளில்) மந்திரப் பட்டியலைப் பார்த்ததும் மலைத்துப்போய், போர்வீரனான ஃபைட்டருக்கு மாறிவிடுகிறார்கள். மாற வேண்டியதில்லை. விசார்டின் வேலையில் பெரும்பகுதி உங்கள் முறை வருவதற்கு முன்பே செய்து முடிக்கக்கூடியது. இங்கே ஐந்தாம் பதிப்பு விதிகளில், இன்டெலிஜென்ஸ் 16 உள்ள முதல் லெவல் விசார்டை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் 2014 புத்தகத்துக்கும் 2024 திருத்தப் பதிப்புக்கும் பொருந்தும்.

படி 1: இரண்டு எண்களை ஷீட்டின் மேலே எழுதுங்கள்

எதிரி உங்கள் மந்திரத்திலிருந்து தப்ப எட்ட வேண்டிய எண் 13. அடிப்படை 8, புரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல்) 2, இன்டெலிஜென்ஸ் 16-க்கான கூட்டல் 3, மூன்றையும் கூட்டினால் அது வரும். குறிபார்த்து எறியும் மந்திரங்களுக்கு டி20-இல் (இருபது பக்கப் பகடையில்) விழுவதோடு 5 கூட்டுங்கள். ஆட்டம் முழுக்க இந்த இரண்டையும்தான் கேட்பார்கள்.

படி 2: ஸ்லாட் என்ன என்று பிடித்துக்கொள்ளுங்கள்

ஸ்லாட் என்பது ஒரு மந்திரத்தை ஒருமுறை போடச் செலவாகும் வாய்ப்பு. குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். உங்கள் லெவல் வேறு, மந்திரத்தின் லெவல் வேறு. ஃபயர்பால் மூன்றாம் லெவல் மந்திரம்; ஆனால் அதைப் போட விசார்ட் ஐந்தாம் லெவலை எட்டியிருக்க வேண்டும். முதல் லெவலில் உங்களிடம் இருப்பவை முதல் லெவல் ஸ்லாட்கள் இரண்டு, அவ்வளவே.

காலையில் நான்கு மந்திரங்களைத் தயார் செய்துகொள்ளலாம். நான்கையும் தலா ஒருமுறை போடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. எதைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் கழியும். ஒரே மந்திரத்தை இரண்டு முறை போட்டுத் தீர்த்தாலும் சரிதான். 1974-இல் வந்த முதல் ஆட்டத்தில் மனப்பாடம் செய்த மந்திரம் ஒருமுறை போட்டதும் மறந்துபோகும். பழைய பதிப்புகளில் ஊறியவர்கள் அந்த நினைவில் சொல்லித்தருவதுண்டு. இப்போதைய விதி அதுவல்ல.

கான்ட்ரிப் எனும் எளிய மந்திரங்களுக்கு ஸ்லாட் தேவையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். மூன்று கிடைக்கும். ஒன்று ஃபயர் போல்ட் ஆக இருக்கட்டும்: 120 அடி தூரம், ஒரு டி10 சேதம்.

படி 3: விசார்டின் மந்திரப் புத்தகத்துக்கு ஆறு மந்திரங்கள்

மேஜ் ஆர்மர், ஷீல்ட், மேஜிக் மிஸைல், ஸ்லீப், டிடெக்ட் மேஜிக், ஃபைண்ட் ஃபெமிலியர். இதுதான் என் பரிந்துரை. முதல் நான்கைத் தயார் செய்யுங்கள். கடைசி இரண்டும் ரிச்சுவல் வகை. விசார்ட் அவற்றைத் தயார் செய்யாமலே, புத்தகத்தைப் பார்த்து, ஸ்லாட் செலவின்றிப் போடலாம். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், சண்டை நடக்காத நேரத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. தயார் செய்யும் இடத்தை ரிச்சுவலுக்குக் கொடுப்பதுதான் புதியவர்கள் வீணாக்கும் இடம்.

ஷீல்ட் பற்றி ஒரு வார்த்தை. எதிரியின் அடி உங்கள் மேல் பட்டபின், உங்கள் முறை இல்லாவிட்டாலும், ரியாக்‌ஷனாக அதைப் போட்டால் ஆர்மர் கிளாஸ் (உங்களை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 5 கூடும். பட்ட அடி படாமல் போகலாம். எதிரி உருட்டிய மொத்த எண்ணை ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொல்வாரா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவையுங்கள். சொல்லாவிட்டால் ஷீல்ட் பாதிக்குப் பாதி சூதாட்டம்.

படி 4: கான்சன்ட்ரேஷன்

சில மந்திரங்கள் நீங்கள் கவனம் வைத்திருக்கும்வரைதான் நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இன்னொரு கான்சன்ட்ரேஷன் மந்திரத்தைத் தொடங்கினாலே முதலாவது கலைந்துவிடும். அடி வாங்கினால் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோ, அதாவது தாக்குப்பிடிப்பதற்கான டி20, உருட்ட வேண்டும். எட்ட வேண்டியது 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. சேதம் 24 என்றால் 12 வேண்டும்.

ஆகவே இன்டெலிஜென்ஸுக்கு அடுத்து நல்ல எண்ணைக் கான்ஸ்டிடியூஷனுக்கே கொடுங்கள் என்பேன். அது 14 ஆக இருந்தால் 2 கூடும். சின்ன அடிகளின்போது டி20-இல் 8 விழுந்தாலே மந்திரம் நிற்கும். ஒரு தாளில் ‘கான்சன்ட்ரேஷன்’ என்று எழுதி, மந்திரம் நிற்கும்வரை உங்கள் முன்னால் வைத்திருங்கள். நீங்கள் மறந்தாலும் மேசையில் இருக்கும் மற்றவர் நினைவூட்டுவார்.

படி 5: முறை வருமுன் முடிவெடுங்கள்

மந்திரம் ஒன்றுக்கு ஒரு சீட்டு. தூரம், எவ்வளவு நேரம் நிற்கும், எதிரி எந்த சேவிங் த்ரோ உருட்டுவான், வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா, கை அசைய வேண்டுமா, இவை போதும். வாயைக் கட்டிவிட்டால் எவற்றைப் போட முடியாது என்பது சீட்டைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.

உங்களுக்கு முந்தையவர் ஆடும்போதே இரண்டு வழிகளை முடிவு செய்யுங்கள்: ஸ்லாட் செலவழித்தால் எது, செலவழிக்காவிட்டால் எது. சாகக் கிடக்கும் எதிரிக்கு ஃபயர் போல்ட் போதும். தப்பவே கூடாத எதிரிக்கு மேஜிக் மிஸைல், ஏனென்றால் அதன் மூன்று அம்புகளும் குறி தவறாது. ஒவ்வொன்றும் டி4 கூட்டல் 1.

படி 6: ஓய்வைக் கணக்கில் எடுங்கள்

எட்டு மணி நேர லாங் ரெஸ்ட் எல்லா ஸ்லாட்களையும் திருப்பித்தரும். விசார்டுக்கு ஆர்கேன் ரெகவரியும் உண்டு. நாளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் முடிந்ததும், முதல் லெவலில் ஒரு ஸ்லாட் திரும்பக் கிடைக்கும். இதையும் மேஜ் ஆர்மரையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் மேஜ் ஆர்மர் போடுங்கள்; அது எட்டு மணி நேரம் நிற்கும். முதல் ஷார்ட் ரெஸ்டில் அந்த ஸ்லாட் திரும்பிவிடும், கவசமோ உடம்பிலேயே இருக்கும். எனவே ஷார்ட் ரெஸ்ட் வேண்டும் என்று குழுவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டாம் லெவலில் ஸ்லாட் மூன்றாகும், புத்தகத்தில் இரண்டு மந்திரங்கள் இலவசமாகச் சேரும். வழியில் கிடைக்கும் விசார்ட் மந்திரச் சுருள்களையும் படியெடுக்க முயலலாம்; முதல் லெவல் மந்திரம் என்றால் 50 பொற்காசு, இரண்டு மணி நேரம். பங்கு பிரிக்கும்போது சுருள்களைக் கேட்டு வாங்குங்கள்.